நாலு பேர் பார்க்கும் வண்டி

கார் விளம்பரத்தில் வரும் சாலையில் வேறு வண்டி வராது. மலை வளைவு, மழை விட்ட ஈரம், தூரத்தில் ஒரு ஏரி, நடுவில் அந்த ஒரே கார். காடாம்புலியூரில் கடை போட்டு உட்கார்ந்தவனுக்கு இது சட்டென்று கண்ணில் படும். எங்கள் ஊர் வழியாகப் போவது விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை. கரும்பு லாரி, பலாப்பழம் ஏற்றிய டெம்போ, நெய்வேலிக்கு ஷிப்ட் ஆள் ஏற்றிப்போகும் பஸ், நடுவில் குறுக்கே வரும் ஆடு எல்லாம் இந்தச் சாலையில் உண்டு. நால்வழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் கடைப்பலகை மேல் புழுதி படியாத நாள் கிடையாது. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரிச் சாலை பக்கத்தில் வேண்டுமென்றால் நெய்வேலி நகரியத்துக்குள்தான் போகவேண்டும். அகலமான தெரு, இரு பக்கமும் மர நிழல். அதுவும் ஞாயிற்றுக்கிழமை விடியலில்.

அந்தக் காலிச் சாலையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ரேஷன் கடையில் வரிசை, பேங்கில் வரிசை, வேலை செய்யும் இடத்தில் மேலே ஒருத்தர், அவருக்கும் மேலே ஒருத்தர் என்று நாள் முழுக்க யாருக்காவது வழிவிட்டுக்கொண்டே இருப்பவனுக்கு, யாருக்கும் வழிவிட வேண்டாத ஒரு சாலையைக் காட்டினால் மனசு எப்படி இளகாமல் இருக்கும்? வண்டியின் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பார்த்தவன் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று புகுந்துவிட்டது.

நான் முந்திரிப் பயிறு விற்றுப் பிழைத்தவன். இப்போது கடை மகன் கையில். விற்பனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடையில் கற்றதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் வருகிறவர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். மேலதிகாரி வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் 180, 210 எண் முழுப்பருப்பு, அதுவும் பளபளப்பான பெட்டியில் வேண்டும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. பெட்டியைக் கட்டி முடித்ததும், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “வீட்டுப் பாயசத்துக்கு அரைக்கிலோ உடைசல் போடுங்க” என்பார்கள். நெய்யில் வறுத்துவிட்டால் இரண்டும் ஒரே ருசி. அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்று நாலு பேர் பார்க்க, ஒன்று நாம் சாப்பிட. அதில் தப்பே இல்லை. காரில் என்ன சிக்கல் என்றால், இந்த இரண்டையும் ஒரே சாமானாக வாங்கவேண்டியிருக்கிறது. கொடுக்கிற பணத்தில் சவாரிக்கு எவ்வளவு, நாலு பேர் பார்ப்பதற்கு எவ்வளவு என்று யாரும் பிரித்து ரசீது தருவதில்லை. விளம்பரத்தின் முழுத் திறமையும் அந்தப் பிரிகோட்டை அழிப்பதில்தான் இருக்கிறது.

எங்கள் வாலிபத்தில் காருக்கு இந்த வேலையெல்லாம் தேவைப்படவில்லை. அம்பாசிடர், பத்மினி, நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் கூட்டம் இருக்கும்போது யாரை மயக்கவேண்டும்? 1983 டிசம்பர் 14ஆம் தேதி, ஹர்பால் சிங் என்பவர் கையில் முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை அரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்தக் கார் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர வருஷங்கள் ஆயின. ஆனால் பேப்பரில் வந்த அந்தப் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரசு அதிகாரியோ மில் முதலாளியோ இல்லாத ஒரு சாதாரண மனிதர் கார் சாவியோடு நிற்கிறார். நாங்களும் வாங்கலாம் போலிருக்கிறதே என்று அன்று நெய்வேலியில் எத்தனை பேர் டீக்கடையில் பேசியிருப்பார்கள்!

1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. காத்திருந்த கூட்டத்தைத் தேடி இப்போது கார்கள் வர ஆரம்பித்தன. 1998இல் சான்ட்ரோ வந்தபோது ஹூண்டாய் என்ற பேரையே இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. வண்டியின் உருவமும் நம் கண்ணுக்குப் பழகாத உயரம். அவர்கள் செய்ததை நான் இன்றும் மெச்சுகிறேன். ஷாருக் கானைக் கூட்டிவந்து உடனே புகழச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் அவரிடம் வந்து விளம்பரத்தில் நடிக்கக் கேட்கிறார். அவரோ, இந்தக் கார் நம்ம ஊருக்கு ஒத்துவருமா, உங்களை எப்படி நம்புவது என்று நம் சந்தேகங்களையெல்லாம் நமக்காகக் கேட்கிறார். நம் சந்தேகத்தை நமக்குப் பிடித்தவர் வாயால் கேட்டுவிட்டால், பதில் எதுவாயிருந்தாலும் பாதி நம்பிக்கை வந்துவிடும். கடையில் நானும் பார்த்திருக்கிறேன். கூட வந்த மச்சான் பருப்பைக் குறை சொல்லி, பிறகு அவரே வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினால், வாங்க வந்தவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

மாருதிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பொம்மைக் காரை வீடெங்கும் ஓட்டித் திரியும் ஒரு சீக்கியச் சிறுவன், போதும் நிறுத்து என்னும் அப்பாவிடம் பெட்ரோல் தீரவே மாட்டேன் என்கிறது என்று சொல்லும் விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். பிறகு, கோடிக்கணக்கில் விலைபோகும் உல்லாசப் படகைக் காட்டினாலும் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று நம் ஆள் கேட்கிற விளம்பரம் வந்தது. சிக்கனத்தைக் கூச்சமாக்காமல் கெட்டிக்காரத்தனமாக்கினார்கள். இதை மனசாரப் பாராட்டுவேன். ஆனால் காகிதத்தில் போடும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி அளந்தது. அங்கே ஏசி போட்டுக்கொண்டு, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பண்ருட்டி நான்குமுனைச் சந்திப்பில் பலாச் சீசனில் நின்று நின்று போகிறவர்கள் யாரும் இல்லை.

இதற்கெல்லாம் விதை போட்டவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். நெய்வேலி நூலகத்தில் ஒருமுறை வான்ஸ் பேக்கார்ட் 1957இல் எழுதிய ‘தி ஹிடன் பெர்சுவேடர்ஸ்’ கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எர்னஸ்ட் டிக்டர் என்று ஒரு உளவியலாளர், வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர். 1939இல் பிளைமவுத் காருக்காக கிரைஸ்லர் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. எத்தனை கார் விற்றது என்று எண்ணாமல், அவர் ஜனங்களை உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டார். ஆண்கள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கூரை மடக்குகிற காரைப் பார்த்து நிற்கிறார்கள், உள்ளே போய்ச் சாதாரணக் குடும்பக் காரை வாங்குகிறார்கள் என்று கண்டார். அதனால் கனவை வாசலில் நிறுத்துங்கள், வீட்டுக்குப் போகிற வண்டியை உள்ளே வையுங்கள் என்றார். வாங்குவதை முடிவு செய்வதில் மனைவிக்குப் பெரிய பங்கிருப்பதையும் பார்த்து, பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் போடச் சொன்னார். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1929இல், ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங், வாங்குபவரைத் திருப்தியடையாமல் வைத்திருக்கவேண்டும் என்று பகிரங்கமாகவே கட்டுரை எழுதினார். புது மாடல் வருஷாவருஷம் வருவதும், போன வருஷம் வாங்கின வண்டி திடீரென்று பழசாய்த் தெரிவதும் தானாக நடக்கிற காரியமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனாலும், ஆசையை அவர்கள்தான் நமக்குள் நட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் டாடாவின் நானோ கார் ஜெயித்திருக்கவேண்டும்.

மழையில் ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை, முன்னால் இன்னொரு குழந்தை என்று போன குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்தக் காருக்கான எண்ணம் வந்ததாக ரத்தன் டாடா சொன்னார். 2008 ஜனவரி 10ஆம் தேதி டெல்லியில் காரைக் காட்டினார். ஒரு லட்சம் ரூபாய் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். உலகமே திரும்பிப் பார்த்தது. மறு வருஷம் பதிவு திறந்தபோது இரண்டு லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். மேற்கு வங்கத்துச் சிங்கூரிலிருந்து தொழிற்சாலை குஜராத்துக்கு மாறினதில் தாமதம், சில வண்டிகள் தீப்பிடித்ததாக வந்த செய்தி, எல்லாம் உண்மைதான். ஆனால் 2018க்குள் வண்டி நின்றே போனதற்கு அது மட்டும் காரணமில்லை. உலகத்திலேயே மலிவான கார் என்று முத்திரை விழுந்தது தப்பாகப் போயிற்று, எங்கள் விற்பனையிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்று டாடாவே பிற்பாடு வருத்தப்பட்டார்.

அந்த வருத்தத்தின் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மூன்று தலைமுறை மரங்களை ஒரே விடியலில் இழந்தவர்கள் உண்டு. அவரும் அதில் ஒருத்தர். பிறகு கொஞ்சம் தேறினபோது வயசான அப்பாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போகவேண்டி வந்தது. பழைய மாருதி 800 ஒன்றை, பெயின்ட் போனதை, வாங்கிவந்தார். கிட்டத்தட்ட அந்தப் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது நானோ வருமே, கேரண்டியும் உண்டே என்று கேட்டேன்.

“பழைய மாருதி வாங்குனா சிக்கனக்காரன்னு சொல்லுவாங்க. அதை வாங்குனா இல்லாதவன்னு சொல்லுவாங்கண்ணே” என்றார்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. மரம் போனவனுக்கு மிச்சம் இருந்தது மரியாதை ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பார்த்த கணக்கு, எந்தக் கம்பெனி போட்ட கணக்கையும் விட ஆழமானது. ஏழைக்கு விலை குறைவாக இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள், ஏழைக்கும் நாலு பேர் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள். விளம்பரம் தொடுகிற இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற இடம். அங்கே ஒரு பழைய வலியோ, பாசமோ, பயமோ இருக்கிறது. அதை நம்முடையது என்று நாம் தெரிந்து வைத்திருந்தால், வேறொருவர் அதை எடுத்து நம்மிடமே விலைக்கு விற்கமுடியாது.

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களில் இதை இன்னும் கண்கூடாகப் பார்க்கலாம். இழப்பீடு கைக்கு வந்த வீட்டில் பல நேரம் முதலில் வந்து நிற்பது ஒரு கார். வெளியூர்க்காரர்கள் ஊதாரித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வரப்பில் நின்றால் ‘இது இன்னார் நிலம்’ என்று போகிறவர் வருகிறவருக்குத் தெரியும். பேங்கில் கிடக்கிற பணம் யார் கண்ணிலும் படாது. இழந்த அடையாளத்துக்குப் பதிலாக வாசலில் ஒன்று நிற்கவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் சுலபத் தவணை, இன்றே டெலிவரி என்ற நோட்டீஸ்கள் கதவிடுக்கில் வந்து விழுகின்றன. நிலம் வருஷம் பூரா ஏதாவது கொடுத்தது. கார் முதல் நாளிலிருந்தே கேட்க ஆரம்பிக்கும். இதை அவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, குத்திக்காட்டாமல், பொறுமையாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்து நான் வருந்தியதுண்டு.

என் தங்கை மகன் கார் வாங்கப் போனபோது என்னையும் கூப்பிட்டான். நெய்வேலியில் ஒப்பந்த வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தான். பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம். “மாமா, பெரிய வண்டியா எடுத்துடலாம். ஒருதரம்தானே வாங்கறோம்” என்றான். அவன் மனசில் இருந்த வண்டி டிவியில் ஆற்றைக் கடந்து, பாறை மேல் ஏறி, உச்சியில் போய் நிற்கும். கூடவே தங்கையும் வந்தாள். அவளுக்கு முட்டிவலி.

ஷோரூமுக்குள் போனதும் எனக்கு டிக்டர் ஞாபகம்தான் வந்தது. வாசலில் கனவு நின்றது. விளக்கெல்லாம் அதன் மேல். கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம் வரும்படி வைத்திருந்தார்கள், உள்ளே புதுத் தோல் வாசனை. கதவுச் சத்தத்துக்கென்றே கார்க் கம்பெனிகளில் பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள். கனமான சத்தம் கேட்டால் வண்டி கெட்டியானது என்று காது முடிவு செய்துவிடும். மாப்பிள்ளை உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவன் முகம் மாறினதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன வயசில் அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அந்த உயரத்தில் உட்கார அவனுக்கு ஆசை இருக்காதா?

அங்கே விற்பனையில் இருந்தது பக்கத்துக் கிராமத்துப் பெண். இருபத்துச் சொச்சம் வயசிருக்கும். “அம்மா, நீங்களும் பின்னாடி ஏறிப் பாருங்கம்மா” என்றாள். தங்கை ஒரு காலைத் தூக்கி வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், ஏறமுடியவில்லை. பிள்ளை மனம் நோகுமே என்று, “பரவால்லப்பா, பழகிடும்” என்றாள். அந்தப் பெண் கை கொடுத்து அவளை மெல்ல இறக்கிவிட்டாள். பிறகு எங்களுக்கு மட்டும் கேட்கும்படி, “சார், அம்மாவத்தான் அதிகமா கூட்டிட்டுப் போவீங்கன்னா அந்தப் பக்கம் நிக்குற வண்டியப் பாருங்க. சீட்டு தாழ்வு. இதுல அவங்களுக்குத் தினமும் கஷ்டம்” என்றாள்.

பெரிய வண்டி விற்றால் அவளுக்கு ஊக்கத்தொகை கூட வந்திருக்கும். மாதக் கடைசி வேறு. அவ்வளவு விளக்குக்கும் படத்துக்கும் நடுவில், அந்தக் கார் யாரை ஏற்றப்போகிறது என்று பார்த்தது அவள் ஒருத்திதான். நான் பல வருஷம் தராசு பிடித்தவன். அந்த நேர்மைக்கு என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அன்றைக்கு எதுவும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்டவனுக்கு அதே சூட்டில் புத்தி சொன்னால், சொன்னவன் மேல்தான் கோபம் நிற்கும். சில வாரம் கழித்து அவனே ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். விளம்பரத்தில் போட்டிருந்தது ஷோரூம் விலை. அதன் மேல் சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவு என்று ஆன்ரோடு விலை எங்கேயோ போய் நின்றது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டின காருக்கு வரியே 18 சதவீதத்துக்குக் குறையாது. மாசத் தவணை சின்னதாகத் தெரிந்ததற்குக் காரணம் ஏழு வருஷம் கட்டவேண்டியிருந்ததுதான். தாழ்வான சீட்டுள்ள வண்டியை, அந்தப் பெண்ணிடமே போய் எடுத்தான். ஷோரூமில் ரிப்பன் கட்டி, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். திருவதிகை கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். தெருவில் நாலு பேர் பார்க்கத்தான் செய்தார்கள். பார்க்கட்டும், அதுவும் வேண்டியிருக்கிறது.

பயத்தைத் தொடும் விளம்பரத்தை மட்டும் நான் முழுசாக வெறுக்கமாட்டேன். 2014இல் உலக அமைப்பு ஒன்று இந்தியாவில் ஓடிய ஐந்து மாடல்களின் அடிப்படை வகைகளை மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்கள் பாதுகாப்பில் ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதுவரை நம் விளம்பரங்களில் நிறம் இருந்தது, பாட்டு இருந்தது, மோதினால் என்னாகும் என்ற பேச்சு அபூர்வம். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இப்போது குழந்தையைப் பின்சீட்டில் காட்டிப் பயமுறுத்தினாலும், அந்தப் பயத்துக்குப் பின்னால் சரிபார்க்கக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. எங்கள் நெடுஞ்சாலையில் நசுங்கின வண்டிகளைத் தூக்கிப்போவதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த நட்சத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள்.

இப்போது புதிதாகத் தொடுகிற இடம் மனசாட்சி. மின்சாரக் கார் விளம்பரங்களில் சாலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கூடுதலாகப் பச்சை இலையும் சின்னக் குழந்தையும் வருகின்றன. பூமியைக் காப்பாற்றுகிறவர் நீங்கள் என்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அடுத்த வண்டி மின்சாரக் காராக இருக்கட்டும் என்கிறான். அவனே சுரங்கத்தில் வேலை பார்த்தவன். 1956இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, 1962லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்துகொண்டிருக்கும் ஊர்க்காரன். இன்று அந்த நிறுவனமே சூரிய மின் நிலையங்களும் போட்டிருக்கிறது என்றாலும், எங்கள் வீட்டு பிளக்கில் வரும் கரண்ட் எந்த மண்ணைத் தோண்டி வருகிறது என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? பண்ருட்டி கடைத்தெருவில் புகை குறைந்தால் நல்லதுதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ராத்திரி சார்ஜ் போட எங்கே நிறுத்துவாய், பாட்டரிக்குக் கேரண்டி எத்தனை வருஷம், புயல் வந்து இரண்டு நாள் கரண்ட் போனால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாய் என்று கேட்டிருக்கிறேன். குறித்துக்கொண்டான். அடுத்த வாரம் கடலூர் போய்ப் பார்க்கலாம் என்கிறான். தங்கையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.